நிறுத்தி வைப்பதும் ஒரு வேலைதான்

அடுத்த வாரம் நான் லண்டனுக்குப் புறப்படுகிறேன். மகளுக்குத் தலைப்பிரசவம். ஐந்து மாதம் அவளோடு இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். பத்தியச் சாமான் என்னென்ன எடுத்துப் போக வேண்டும், குளிருக்கு எத்தனை கம்பளிச் சட்டை வேண்டும் என்று சொல்லித்தர ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டு வாரமாக நான் அலைந்துகொண்டிருப்பது வேறொரு வேலைக்காக. வீட்டுப் போர்ச்சில் நிற்கும் காரை நல்லபடியாக நிறுத்திவிட்டுப் போகும் வேலை.

"அதற்கென்ன, பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நானும் அதைத்தான் செய்தேன். அதற்குக் கொடுத்த விலை இன்னமும் மனத்தில் இருக்கிறது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1995இல் வாங்கிய புரோட்டோன் சாகா இஸ்வாரா. நம் நாட்டின் முதல் காரான சாகா 1985 ஜூலையில் வெளிவந்தபோது, எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது வேடிக்கை பார்க்கும் பொருள். பத்து ஆண்டு கழித்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையான எனக்கு அரசாங்க வாகனக் கடன் கிடைத்தது. கடன் என் பெயரில். கார் முழுக்க முழுக்க என் கணவருடையது. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர் கிராணியாக இருந்தார். காலையில் பிரட்டுக் களத்தில் பேர் பதிவது, செக்ரோல் எழுதுவது, பால் நிறுத்த கணக்கு எழுதுவது என்று வாழ்நாள் முழுவதும் எழுதியே பழகிய கை. காருக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் போட்டார். எண்ணெய் எப்போது மாற்றியது, எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனை கிலோமீட்டர், எந்தப் பயணம் என்று எல்லாம் அதில் இருக்கும். "தைப்பூசம், சுங்கைப்பட்டாணி, 4 பேர்." "மகளுக்குக் காய்ச்சல், அலோர்ஸ்டார் மருத்துவமனை." "மாமியார் காரியம், கூலிம்." கார்க்கணக்கு என்று பெயர். உண்மையில் அது எங்கள் குடும்பக் கணக்கு. முன்பக்க டிராயரில் ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார்.

அவர் 2018இல் காலமானார். அதற்குப் பிறகு நான்தான் ஓட்டினேன். கோவில், சந்தை, மருந்தகம், அவ்வளவுதான். புத்தகத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எழுத்துக்குக் கீழே என் எழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது அங்கேயே இருந்தது.

2020 மார்ச் 14ஆம் தேதி, ஜொகூர் பாருவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பேருந்தில் போனேன். ஒரு வாரத்துக்கு நான்கு சேலை. 16ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. முதலில் மார்ச் 31 வரை என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். மாநிலம் கடக்க வழியில்லை. ஜூன் 10க்குப் பிறகுதான் நான் சுங்கைப்பட்டாணிக்குத் திரும்ப முடிந்தது.

கேட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின்சக்கரம் ஒன்றில் காற்றே இல்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்கூட வரவில்லை. கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இருக்கை முழுவதும் சாம்பல் நிறத்தில் பூசணம். பின்னிருக்கைப் பையில் நான் மறந்து வைத்த கச்சான் பொட்டலம் ஓட்டையும் ஒடிசலுமாகக் கிடந்தது. அதன் வாசனையைப் பிடித்து எலி வந்திருக்கிறது. வந்த எலி குட்டிபோட இடம் தேடியிருக்கிறது. கூடு கட்டத் தாள் வேண்டுமல்லவா?

டிராயரைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடித் தாள்துகள்தான் இருந்தது. ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. அட்டையும் இருந்தது. இருபத்து மூன்று ஆண்டு எழுத்தில் முழுதாகத் தேறியது ஒரு வரி இல்லை. "பீடோ" என்று ஒரு துண்டில். "12 லி" என்று இன்னொரு துண்டில்.

பேட்டரிக்கும் டயருக்கும் வயருக்கும் செலவழித்த ரிங்கிட்டை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்தத் துகள்களை மட்டும் குப்பையில் போட மனம் வராமல் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்று காரைப் பார்க்க வந்தவன் என் பழைய மாணவன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் எனக்கு முன்னால் கால்சட்டை நழுவ உட்கார்ந்திருந்தவன். இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், காடி ஓட்டுறது மட்டும் வேலையில்ல. நிறுத்தி வைக்கிறதும் ஒரு வேலதான். சார் இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு."

அவன் சொன்னது உண்மை. 1999 நவம்பரில் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இரண்டு மாதம் தமிழ்நாட்டுக்குப் போனோம். புறப்படுவதற்கு முந்தின நாள் முழுவதும் அவர் காருக்கு அடியிலேயே கிடந்தார். "பெட்டி கட்ட ஒரு கை கொடுக்காமல் அந்த இரும்போடு என்ன குடித்தனம்?" என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே டயருக்குக் காற்று அடித்தார். திரும்பி வந்த அன்றே கார் ஓடியது. என்ன செய்தார் என்று நான் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கமும் புத்தகத்தில் இருந்திருக்கும்.

அதனால் இந்த முறை மாணவனையே வரச் சொன்னேன். "நீ செய், ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், எழுதிக்கொள்வேன்" என்றேன். "பரீட்சை வைப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டான். நான் எழுதிக்கொண்டதை இங்கே சொல்கிறேன். மாதக்கணக்கில் வெளியூர் போகும் யாருக்காவது உதவலாம்.

முதலில் எஞ்சின் எண்ணெய். நான் திரும்பி வந்து மாற்றலாம் என்று நினைத்திருந்தேன். போகும் முன்பே மாற்ற வேண்டும் என்றான். ஓடிய எண்ணெயில் புகைக்கரியும் நீரும் அமிலமும் கலந்திருக்கும். ஓடும்போது சூட்டில் நீர் ஆவியாகிவிடும். நிற்கும்போது அந்த அழுக்கு எண்ணெய் மாதக்கணக்கில் இரும்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் புது எண்ணெய் ஊற்றி, சற்றுத் தூரம் ஓட்டி, எல்லா இடத்துக்கும் அது பரவிய பிறகு நிறுத்த வேண்டும்.

அடுத்தது பெட்ரோல். தீயை நினைத்து டாங்கியைக் காலியாக வைக்கத் தோன்றும். தகர டாங்கி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீர்த்துளியாகி, துருப்பிடிக்கும். நம் கெடாவின் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே டாங்கியை நிரப்பிவிட வேண்டும். பெட்ரோலும் நாளானால் கெடும். அதிலுள்ள லேசான பொருள்கள் பறந்துபோய், கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். அதற்கென்று விற்கும் மருந்து ஒன்றை அளவாக ஊற்றினான்.

பேட்டரியைச் சும்மா விட்டாலே தானாகச் சக்தி இழக்கும்; வெயில் நாட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும். காரில் இருக்கும் கடிகாரமும் எச்சரிக்கை மணியும் வேறு சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். முழுக்க இறங்கிய பேட்டரியின் ஈயத் தகடுகளில் உப்பு இறுகிவிட்டால் பிறகு ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில். திரும்ப மாட்டும்போது மைனஸ் வயர் கடைசியில். இதை மட்டும் என்னைச் செய்யச் சொன்னான். என் வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் ஸ்பேனர் பிடித்தேன்.

"வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னால் போதாதா?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் தீமைதான் அதிகமாம். எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால், எரிந்த பெட்ரோலில் உண்டான நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். பேட்டரி இழந்த சக்தியும் திரும்ப ஏறாது. சாலையில் அரைமணி நேரம் ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டலாம். இல்லாவிட்டால் தொடாமல் விடுவதே நல்லது.

டயரைப் பற்றி அவன் பேசத் தொடங்கியபோது நானே குறுக்கிட்டேன். ரப்பரைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? என் அம்மா பால்மரம் வெட்டியவர். ரப்பருக்கு வெயில் பகை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது வேறு: மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் டயர் அந்த இடத்தில் தட்டையாகிவிடும். வழக்கமாக 30 பவுண்டு காற்று வைக்கும் டயரில் 36 வைத்தான். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னான். மாதம் ஒருமுறை சக்கரம் அரைச்சுற்று உருளும்படி காரைச் சற்றே தள்ளிவிட வேண்டும்.

கைப்பிரேக்கை இழுத்து வைக்கக்கூடாது. போன முறை நான் பலம் கொண்ட மட்டும் இழுத்துவிட்டுப் போயிருந்தேன். உள்ளே பிரேக் கட்டை துருவோடு ஒட்டிக்கொண்டதால்தான் காரைத் தள்ளக்கூட முடியவில்லை. இந்த முறை முதல் கியரில் போட்டு, முன்னும் பின்னும் மரக்கட்டை அண்டக் கொடுத்திருக்கிறோம்.

பிறகு எலி. காருக்குள் ஒரு சோற்றுப்பருக்கை இருக்கக்கூடாது. கோவில் பிரசாதம், மிட்டாய்த் தாள், தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றையும் எடுத்து, இருக்கைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்தோம். ஈரத்தோடு மூடினால் பூசணம் நிச்சயம். ஈரத்தை இழுக்க இரண்டு தட்டில் அடுப்புக்கரி வைத்தான். காற்று உறிஞ்சும் குழாய் வாயில் கம்பிவலை, புகைக்குழாயில் துணி. பாச்சை உருண்டை வைக்கலாமா என்று கேட்டேன். எஞ்சின் பக்கம் வேண்டுமானால் வைக்கலாம், ஆட்கள் உட்காரும் இடத்தில் வேண்டாம் என்றான். அதை நானும் ஒப்புக்கொண்டேன். குழந்தை பிறந்ததும் நம் மருத்துவமனைகளில் ஜி6பிடி பரிசோதனை செய்கிறார்கள் அல்லவா? அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டையின் நெடியே இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். நாளை பேரப்பிள்ளை ஏறப்போகும் கார்.

கடைசியாகப் போர்வை. பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி வைத்திருந்தேன். அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் என்று சொல்லித் துணிப்போர்வையாக மாற்றச் சொன்னான்.

எழுத்து வேலையும் இருக்கிறது. கார் ஓடப்போவதில்லை என்று காப்புறுதியை விட்டுவிடக்கூடாது. காப்புறுதி இல்லாமல் சாலை வரியும் எடுக்க முடியாது. நிற்கும் கார் திருடு போனாலும் தீப்பிடித்தாலும் கேட்க நாதியில்லை. வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். சாதாரண முழுக் காப்புறுதியில் அது சேராது. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக வெள்ளம் இறங்கி யான், மெர்போக் பக்கமெல்லாம் புகுந்ததைப் பார்த்த பிறகு, அந்தச் சில வெள்ளியை மிச்சம் பிடிக்க எனக்குத் துணிவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மகன் தொலைபேசியில் சொன்னான்: "ஏம்மா இவ்வளவு சிரமம்? பழைய காடி. வித்துடுங்க. லண்டன்லேர்ந்து வந்ததும் இங்க வந்து எங்களோட இருங்க." மகளும் அதையே சொல்கிறாள். இருவரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு அறுபத்தாறு வயது. தனியாக இருக்கிறேன். அவர்கள் பயப்படுவதில் தவறில்லை.

ஆனால் விட்டுப்போன இடம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தை விற்றபோது கையில் மூன்று மாத அறிவிப்பைக் கொடுத்தார்கள். லயத்து வீடுகளை விட்டு எல்லாரும் கிளம்பினோம். பலர் கதவைச் சாத்தக்கூட இல்லை. திரும்பப் போவதில்லை என்று தெரிந்த பிறகு எதற்குச் சாத்துவது? ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக் குசினிக்குள் லாலான் புல் ஆள் உயரம் நின்றது.

அதே தோட்டத்தில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறைந்துவிடும். வெட்டை நிறுத்தினால் அம்மா தன் நிரையில் மரம் மரமாகப் போய் மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பார். மழைநீர் தேங்காது, கொசு அடையாது. அதற்குத் தனிக் கூலி கிடையாது. புதுத்தளிர் விட்டதும் மறுபடி வெட்டத்தானே போகிறோம் என்பார்.

மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வந்து பார்த்துக்கலாம் ஐயா" என்று மட்டும் சொன்னேன். வந்த பிறகு நான் ஜொகூருக்கே போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை நானே, என் வீட்டுக்கு நானே காரோட்டி வந்து முடிவு செய்ய வேண்டும். யாரும் இல்லாத ஐந்து மாதத்தில் எலி முடிவு செய்யக்கூடாது.

பக்கத்து வீட்டுப் பாக்சிக்கிடம் சாவி கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். மாதம் ஒருமுறை கியரை எடுத்து, அரைச்சுற்று தள்ளி, மறுபடி கட்டை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். "சிக்கு, கவலை வேண்டாம். எந்தத் தேதியில் தள்ளினேன் என்று எழுதி வைக்கிறேன்" என்றார். எழுதி வைக்கிறேன் என்று அவர் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்குக் காரணம் தெரியாது.

ஸ்டியரிங்கில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பெரிய எழுத்தில், கரும்பலகையில் எழுதுவது போல எழுதினேன். "ஸ்டார்ட் செய்யும் முன்: புகைக்குழாய்த் துணியை எடு. காற்றுக்குழாய் வலையை எடு. எண்ணெய் அளவு பார். டயர் காற்றைக் குறை. மைனஸ் வயரைக் கடைசியில் மாட்டு. பிரேக்கை மிதித்துப் பார்." மாணவன் படித்துப் பார்த்துவிட்டு, "நூத்துக்கு நூறு டீச்சர்" என்றான். கூலி வாங்க மறுத்தான். சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன்.

நேற்று மாலை, போர்வையைப் போடும் முன், டவுனில் ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கி வந்தேன். பழைய அட்டையின் அளவிலேயே தேடி வாங்கினேன். காருக்குள் உட்கார்ந்து முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்: "214,306 கிலோமீட்டர். எண்ணெய் மாற்றியது. டாங்கி முழுதாக. 5 மாதம் நிறுத்தம்." அடுத்த வரியை எழுத இடம் விட்டேன்.

புத்தகத்தை டிராயரில் வைக்கவில்லை. கைப்பையில் கடப்பிதழோடு வைத்திருக்கிறேன்.